பாட்டி என்ன சொன்னார்?

எங்கள் பள்ளியில் ரோபோட்டிக்ஸ் குழு இருக்கிறது என்று சொன்னால், "ரோபோ என்னவெல்லாம் செய்யும், டீச்சர்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். முதல் ஆண்டு நானும் அதே நினைப்பில்தான் இருந்தேன். ரோபோ நன்றாக ஓடினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நம்பினேன். அது எவ்வளவு தவறு என்பதை எனக்குப் புரிய வைத்தது ஒரு நடுவர் கேட்ட சின்னக் கேள்வி. பதில் தெரிந்த சிறுமி ஒருத்தி அந்த அறையிலேயே நின்றாள். ஆனால் வாய் திறக்கவில்லை. அவளைத் திறக்க விடாமல் செய்தவள் நான்தான்.

கெடாவில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி எங்களுடையது. குடும்ப தினத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டிய பணத்தில் ஒரு லெகோ ஸ்பைக் பெட்டி வாங்கினோம். நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். பள்ளி முடிந்ததும் நூல்நிலையத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில்தான் பயிற்சி. 2023ஆம் ஆண்டு 'ஃபர்ஸ்ட் லெகோ லீக்' போட்டிக்குப் பெயர் கொடுத்தோம்.

இந்தப் போட்டியைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமைப்பும் லெகோ நிறுவனமும் சேர்ந்து 1998இல் தொடங்கியது இது. ஆண்டுதோறும் ஒரு கருப்பொருள் கொடுப்பார்கள். மாணவர்கள் கட்டிய ரோபோ, ஒரு மேசைமேல் இரண்டரை நிமிடத்தில் தன்னால் முடிந்த பணிகளைச் செய்து முடிக்க வேண்டும். பார்வையாளர்கள் கைதட்டுவதும் படம் பிடிப்பதும் அந்த மேசையைச் சுற்றித்தான். ஆனால் மதிப்பீட்டில் ரோபோ ஆட்டத்துக்குக் கால்பங்குதான். ரோபோ வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், அடிப்படைப் பண்புகள் ஆகிய மூன்றுக்கும் ஆளுக்குக் கால்பங்கு. அந்த மூன்றும் பெரும்பாலும் முடிவாவது ஓர் அறைக்குள், நடுவர்களுக்கு முன்னால் நடக்கும் 30 நிமிடப் பேச்சில்.

அதாவது, பிள்ளைகள் என்ன செய்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள், எப்படிச் சேர்ந்து செய்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். பயிற்சியாளர்களாகிய எங்களைச் சுவரோரம் உட்கார விட்டார்கள். ஆனால் மூச்சு விடலாமே தவிர பேச்சு விடக்கூடாது.

அந்த ஆண்டின் கருப்பொருள் 'மாஸ்டர்பீஸ்'. கலைகளையும் பொழுதுபோக்குகளையும் தொழில்நுட்பத்தின் உதவியோடு மற்றவர்களிடம் கொண்டு செல்வது பற்றியது. என்ன செய்யலாம் என்று பிள்ளைகள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, "எங்க பாட்டிக்கு முட்டி வலி டீச்சர். குனிஞ்சு கோலம் போட முடியல. தீபாவளிக்குக்கூட ஸ்டிக்கர்தான் ஒட்டினோம்" என்றாள். அங்கிருந்துதான் எங்கள் திட்டம் பிறந்தது. நின்றபடியே தள்ளிச் செல்ல ஒரு சிறிய வண்டி. அதில் மோட்டார் திறந்து மூடும் ஒரு கதவு. கதவு வழியாகக் கோலமாவு விழும்.

முதல் வண்டியைப் பிள்ளைகள் பாட்டியின் வீட்டுக்கே கொண்டு போனார்கள். பாட்டி தள்ளிப் பார்த்துவிட்டு, "கோடு வருது. ஆனா உங்க வண்டிக்குப் புள்ளி வைக்கத் தெரியலையே! புள்ளி இல்லாம எங்கிருந்துடா கோலம்?" என்று சிரித்தாராம். பிள்ளைகள் திரும்பி வந்து கதவைக் கழற்றினார்கள். சிறிது நேரம் திறந்து உடனே மூடும்படி நிரலை மாற்றினார்கள். இப்போது வண்டி சம தூரத்தில் புள்ளி வைத்தது.

போட்டி நெருங்கியபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெரிய பட்டணத்துப் பள்ளிகள் வரும், அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவார்கள், எங்கள் பிள்ளைகள் திக்கித் திணறினால் "தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள்தானே" என்று யாராவது நினைத்துவிட்டால்? அந்த ஒரு வார்த்தையைத் தாங்க என்னால் முடியாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு இந்தப் பயம் தெரிந்திருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நமக்குக் காதில் விழும் வார்த்தை அது.

அதனால் மூன்று இரவு உட்கார்ந்து ஆங்கிலத்தில் உரை எழுதினேன். 'சமூகத் தாக்கம்', 'நிலைத்தன்மை', 'பயனர் அனுபவம்' என்று கனமான சொற்களாகப் பார்த்துப் பார்த்துக் கோத்தேன். ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஐந்தாம் ஆண்டு மாணவனிடம் பெரும்பகுதியைக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பையன், மூன்றே நாளில் மனப்பாடம் செய்துவிட்டான். பாட்டியின் பேத்தியிடம், "நீ பேச வேண்டாம்மா. வண்டியைப் பத்திரமா பிடிச்சுக்க" என்றேன். அவளும் தலையை ஆட்டினாள்.

நடுவர் அறையில் உரை தடங்கலின்றி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு நடுவர்களில் ஒருவர், நடுத்தர வயது மலாய்ப் பெண்மணி, சற்று முன்னால் சாய்ந்து கேட்டார்: "அந்தப் பாட்டி இதைப் பயன்படுத்திப் பார்த்தாரா? என்ன சொன்னார்?"

பையன் விழித்தான். நான் எழுதிய உரையில் பாட்டி வாய் திறக்கவே இல்லை. அவர் ஒரு 'பயனர்', அவ்வளவுதான். அவன் சற்றுத் தயங்கிவிட்டு, உரையின் மூன்றாம் பத்தியை மறுபடி முதலிலிருந்து ஒப்பித்தான். நடுவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "யாராவது சொல்லலாம். பாஹாசாவில் சொன்னாலும் பரவாயில்லை" என்றார்.

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் பேசக்கூடாது. தலையசைக்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவள் மறுபடி குனிந்து, வண்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் பேருந்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், பாட்டி சொன்னத நான் சொல்லியிருக்கலாமா?"

அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஏதோ சமாளித்திருப்பேன். மதிப்பெண் தாளில் நடுவர்கள் எழுதியிருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பாட்டியின் கருத்துக்குப் பிறகு வண்டியில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்பதைக் கேட்க ஆசைப்பட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்தத் தாளை அன்று இரவு நிதானமாகப் படித்தேன். போட்டிக்கு முன்பே படித்திருக்க வேண்டியது. புத்தாக்கத் திட்டத்தை ஐந்து கோணங்களில் பார்க்கிறார்கள்: சிக்கலைக் கண்டறிந்தது, தீர்வை வடிவமைத்தது, உருவாக்கியது, மற்றவர்களின் கருத்தைக் கேட்டுத் திருத்தியது, அதை எடுத்துச் சொன்னது. ரோபோவுக்கும் இதே ஐந்துதான். ஒவ்வொன்றுக்கும் நான்கு படிநிலைகள். சரளமான ஆங்கிலத்துக்கு என்று ஒரு கட்டம் அதில் இல்லை. 'திருத்தியது' என்பதற்கு முழுக் கட்டம் இருந்தது. பாட்டியின் புள்ளி அந்தக் கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் உண்மையாகவே செய்த வேலையை மறைத்துவிட்டு, அவர்கள் செய்யாத சொற்களை நான் மேடையேற்றியிருக்கிறேன்.

மறு ஆண்டு கருப்பொருள் 'சப்மெர்ஜ்ட்', கடலாய்வு. இம்முறை உரை எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். தலைமையாசிரியருக்குச் சற்றுக் கவலைதான். "பிள்ளைங்க அங்க போய்த் தடுமாறினா?" என்றார். "தடுமாறட்டும் சார், ஆனா சொந்தமா தடுமாறட்டும்" என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

உரைக்குப் பதிலாக ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்தோம். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் தேதி போட்டு மூன்று வரி: இன்று என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம், எது சரிவரவில்லை. தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ, எழுதுபவர் விருப்பம். மூன்றாவது வரிதான் எப்போதும் நீளமாக இருந்தது. ஒரு வேலையை யார் செய்தார்களோ அவர்தான் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதையும் விதியாக்கினோம்.

இம்முறை பிள்ளைகள் மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் தஞ்சோங் டாவாய் மீன்பிடிக் கிராமத்துக்குப் போய் வந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாக் சிக், கடலில் தொலைந்துபோகும் வலைகளைப் பற்றிச் சொன்னார். நைலான் வலை மக்காது. ஆளில்லாமலே ஆண்டுக்கணக்கில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். பவளப் பாறையில் சிக்கிக்கொள்ளும். கலங்கிய நீரில் அது கண்ணுக்குத் தெரியாததால், முக்குளிப்பவர்களின் உயிருக்கும் ஆபத்து.

பிள்ளைகளின் யோசனை எளிமையானது. வலையோடு ஒரு மிதவையைக் கீழ்ப்புறமாகக் கட்டி வைப்பது. வலை தொலைந்து பல நாள் நீரிலேயே கிடந்தால், கட்டியிருப்பது கரைந்தோ மக்கியோ அறுந்து, மிதவை மேலே வர வேண்டும். மிதவையைப் பார்த்து, வலை கிடக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

எதனால் கட்டுவது? முதலில் கற்கண்டைப் பயன்படுத்தினார்கள். வாளித் தண்ணீரில் செங்கல்லோடு கற்கண்டை வைத்து ஒரு தக்கையைக் கட்டினார்கள். ஓய்வு நேரம் முடிவதற்குள் தக்கை மேலே வந்துவிட்டது. "வலைய படகுலேர்ந்து இறக்கிக்கிட்டு இருக்கும்போதே மிதவை வந்துரும் டீச்சர்" என்று அவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்து பருத்தி நூல். தஞ்சோங் டாவாயிலிருந்து போத்தல்களில் கடல் நீர் கொண்டுவந்து, வாளியை நூல்நிலையத்துக்குப் பின்னால் வைத்தோம். நூல் அறுகிறதா என்று பார்க்கும் பொறுப்பைப் பாட்டியின் பேத்தி எடுத்துக்கொண்டாள். அவள் இப்போது ஐந்தாம் ஆண்டு.

பேச்சுப் பயிற்சிக்கு முன்பின் அறியாத ஆட்கள் வேண்டும். எல்லாக் கதையும் எனக்குத் தெரியும் என்பதால் என்னிடம் பிள்ளைகள் பாதியை விழுங்கிவிடுவார்கள். அதனால் சிற்றுண்டிச்சாலை அக்காவை உட்கார வைத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: "சரி, இது எதுக்கு?" அதைவிடக் கடினமான கேள்வியை எந்த நடுவரும் கேட்க முடியாது. பள்ளி ஜாகா பாக் சிக் ரோபோவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஏன் இந்தப் பல்சக்கரம் பெரிது, அது சிறிது என்று மலாயில் கேட்டார்.

ரோபோவின் கையைச் செய்த பையன் கூச்ச சுபாவம். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நின்று தரையைப் பார்ப்பான். ஆனால் ஜாகா கேட்டதும் அவன் கையைக் கழற்றி எடுத்துக் காட்ட ஆரம்பித்தான். திமிங்கிலத்தின் வாயில் இரையைப் போடும் பணி அது. முதலில் இரண்டு பல்சக்கரமும் ஒரே அளவு, அதனால் கை வேகமாகத் தூக்கி இரையை வீசியெறிந்தது. பிறகு 12 பல் சக்கரம் 36 பல் சக்கரத்தைச் சுற்றும்படி மாற்றினான். வேகம் மூன்றில் ஒரு பங்கானது, பலம் கூடியது, இப்போது மெதுவாக இறக்கி வைக்கிறது. இவ்வளவையும் உடைந்த மலாயில், விரலால் பல் எண்ணிக் காட்டியபடி சொன்னான். கையில் பொருளைக் கொடுத்தால் அவனுக்குப் பேச்சு வருகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான்கு ஆண்டுகளாக அவன் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான்.

ஒருவர் பேசும்போது இடையில் புகுந்து திருத்தக்கூடாது, முடித்த பிறகு "அதோட இதையும் சொல்லணும்" என்று சேர்க்கலாம் என்று பழகினோம். சொல் வராவிட்டால் வேறு மொழிச் சொல்லைப் போட்டுக்கொண்டு போகலாம். எங்கள் வட்டாரப் போட்டியில் மலாய் கலந்து பேச இடமுண்டா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டேன். பதில் தெரியாத கேள்வி வந்தால் கதை கட்டாமல், இதுவரை தெரிந்ததைச் சொல்லிவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் தெரியாது என்று சொல்லி யார் மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள்?

எனக்கும் ஒரு பயிற்சி தேவைப்பட்டது. ஒரு பிள்ளை தடுமாறும் ஒவ்வொரு முறையும் என் வாயிலிருந்து சொல் தானாக விழுந்துவிடும். கடைசியில், பயிற்சி தொடங்கும்போதே ஓர் அசாம் போயை வாயில் போட்டுக்கொள்ளத் தொடங்கினேன். கொட்டை கரையும்வரை பேசக்கூடாது. கொட்டை கரையாதே! பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. நான் வாயைத் திறக்கப் போனால், "டீச்சர், அசாம் போய்!" என்று கத்துவார்கள். ஆனால் நான் வாயை மூடிய அந்தச் சில வினாடிகளில், பெரும்பாலும் அந்தப் பிள்ளையே சொல்லைக் கண்டுபிடித்துவிடும். இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் எடுத்துக் கொடுப்பார்.

போட்டி நாள். அதே மாதிரி அறை, சுவரோரம் அதே மாதிரி நாற்காலி. கைப்பையில் அசாம் போய் வைத்திருந்தேன்.

விளக்கம் சுத்தமாக இல்லை. ஒருவன் வரிசையை மாற்றிவிட்டான், இன்னொருத்தி பாதியில் சிரித்துவிட்டாள். கூச்சக்காரப் பையன் ரோபோவின் கையைக் கழற்றி நடுவரிடமே கொடுத்துவிட்டான். அவர் பல்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபடி அடுத்தடுத்துக் கேள்வி கேட்க, இவன் அடுத்தடுத்துப் பதில் சொல்ல, மற்றவர்கள் கிட்ட நெருங்கி நின்றார்கள். அது தேர்வு மாதிரி இல்லை. பட்டறையில் இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி இருந்தது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. "உங்கள் நூல் கடலில் அறுந்து மிதவை மேலே வருமா? இது வேலை செய்கிறதா?"

பேத்தி ஓரடி முன்னால் வந்தாள். கையில் அந்தப் பயிற்சிப் புத்தகம். ஆங்கிலமும் மலாயும் கலந்து அவள் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்: "இன்னும் தெரியாது. கற்கண்டு சீக்கிரம் கரைந்துவிட்டது. பருத்தி நூலை வாளியில் போட்டு ஐந்து வாரமாகிறது. இன்னும் அறவில்லை. நூல் பச்சையாகி இருக்கிறது, தொட்டால் வழுக்குகிறது. அறுந்தால்தான் எத்தனை நாள் என்று சொல்ல முடியும். வாளியை எடுத்துவிட வேண்டாம் என்று ஜாகாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்."

நடுவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒருவர் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

கோப்பை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. ரோபோ ஆட்டத்தில் இரண்டாம் சுற்றில் சக்கரம் விரிப்பின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. நடுவர் அறை மதிப்பீடு முதல் ஆண்டைவிட நன்றாக இருந்தது, ஆனால் எங்களைவிட நன்றாகச் செய்த குழுக்கள் இருந்தன. பேருந்தில் யாரும் அழவில்லை. கூச்சக்காரப் பையன் ஓட்டுநர் அண்ணனுக்குப் பல்சக்கரம் விளக்கிக்கொண்டு வந்தான்.

அடுத்த பள்ளியாண்டு தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. நான் மூன்றாம் ஆண்டு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆறாம் ஆண்டுக்குப் போய்விட்ட பேத்தி, அனுமதி கேட்கவும் மறந்து வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"டீச்சர், தக்கை மேல வந்துடுச்சு!"

வகுப்பு முழுவதையும் அழைத்துக்கொண்டு நூல்நிலையத்துக்குப் பின்னால் போனேன். வாளியில் தக்கை மிதந்துகொண்டிருந்தது. அதில் தொங்கிய நூலின் முனை பாசி படிந்து பிரிந்திருந்தது. அவள் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து தேதி எழுதி, நாள்களை எண்ணத் தொடங்கினாள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வாளியைச் சுற்றிக் குந்திக்கொண்டு, இது என்ன, ஏன் இப்படி என்று அவளைத் துளைத்தெடுத்தார்கள். எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. சொல்லவில்லை.